சொல்லிவிட்டுப் போகும் சோதனை

அஸ்தம்பட்டியில் இருக்கிறது எங்கள் கம்பெனி. படுக்கை விரிப்பு ஏற்றுமதி. எங்களுக்கு நூல் தருகிற மில்களில் யாரையும் அடைத்து வைத்து வேலை வாங்கவில்லை என்று நேரில் பார்த்து எழுதித் தருவதுதான் என் வேலை. அந்தத் தாள் இல்லாமல் வெளிநாட்டுக்காரர்கள் ஆர்டர் தர மாட்டார்கள்.

சொல்லாமல் கொள்ளாமல் யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மில்லுக்கும் அதேதான். "முன்னாடியே ஒரு போன் போட்டுருங்க. திடுதிப்புன்னு போய் நின்னா அவிய என்ன நெனப்பாங்க? நாளைக்கு ஒரு கல்யாணத்துல மூஞ்சில முழிக்கோணுமில்லீங்க?" என்பார் எங்கள் முதலாளி. போன் போட்டுவிட்டுப் போனால் அங்கே என்ன தெரியும்? புதுச் சுண்ணாம்பு வாசம், எல்லாப் பெண்களுக்கும் புது மாஸ்க், கேட்டதற்கெல்லாம் ஒரே பதில். மதியம் வாழை இலைச் சாப்பாடு வேறு. அதையும் வெட்கமில்லாமல் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.

போன வருஷம் ராசிபுரம் பக்கம் ஒரு மில்லுக்குப் போனேன். விடுதியைச் சுற்றிக் காட்டிய வார்டன் என் முந்தானையைப் பிடிக்காத குறையாகக் கூடவே வந்தார். கழிவறைக்குப் போனபோதுதான் விட்டார். உள்ளே ஒரு பெண் பக்கெட்டோடு நின்றிருந்தாள். இருபது வயது இருக்கும். தேனிப் பக்கம் என்றாள். குழாயை முழுசாகத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் பேசினாள்.

"அக்கா, அம்மாவுக்கு ரொம்ப முடியல. நாலு மாசமா கேக்குறேன், ஊருக்கு விட மாட்டேங்குறாங்க. ஆதாரு, போனு எல்லாம் வார்டன் பீரோவுல இருக்கு. எப்படியாச்சும் என்னைய அனுப்பச் சொல்லுங்கக்கா."

"நான் பாத்துக்கறேம்மா" என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்!

அறிக்கையில் அவள் பெயரைப் போடவில்லை. பெரிய சாமர்த்தியம்தான்! தேனிப் பக்கத்துப் பெண், நூல் சுற்றும் பிரிவு, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று மற்ற எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். அந்தப் பிரிவில் அவள் ஒருத்திதான் தேனிக்காரியா என்று யோசிக்கக்கூட இல்லை. என் புத்தியை என்னவென்று சொல்வது. முதலாளி படித்து முடித்ததும் நேரே போனை எடுத்தார்.

"ஐயோ, போன் வேண்டாங்க. தொழிலாளர் துறைக்கு எழுதலாங்க. இல்லீன்னா நாமளே போய்க் கையோட கூட்டியாந்து பஸ் ஏத்திடலாங்க" என்று கெஞ்சினேன்.

"அட, சும்மா இருங்க. நம்ம ஆளுங்கதான. ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது."

மூன்றாம் நாளே மில்லிலிருந்து கடிதம் வந்துவிட்டது. விடுதியில் யாருடைய ஆதாரும் இல்லை, புகார் தீர்ந்தது என்று இரண்டே வரி. முதலாளி அதைப் பைலில் கோத்துவிட்டு, நல்ல வேலை செய்தீர்கள் என்று என்னைப் பாராட்டினார். எனக்கு எரிச்சலாக வந்தது. இருப்புக் கொள்ளாமல், அடுத்த திங்கட்கிழமை யாரிடமும் சொல்லாமல் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கேட்டில் அரை மணி நேரம் நிற்க வைத்தார்கள். பிறகு மேனேஜரே மோர் டம்ளரோடு வந்தார்.

"ஏனுங்க மேடம், சொல்லியிருந்தா சாப்பாடு ரெடி பண்ணியிருப்போமுங்களே."

"சாப்பாடு கெடக்குதுங்க. அந்தத் தேனிப் பொண்ணு ஊருக்குப் போயிருச்சா?"

"ஊருக்கா? எதுக்குங்க?" அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "எங்க முதலாளியோட தம்பிக்கு ஒரு மில்லு இருக்குதுங்க. அங்க மாத்தி உட்டுட்டோம். அங்கிருந்து உங்க கம்பெனிக்கு ஒரு கோன் நூல்கூட வர்றதில்லீங்க. இனி உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராதுங்க."

மில் எந்த ஊரில் என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

"அது உங்களுக்கு எதுக்குங்க?" என்றார், நிஜமான அக்கறையோடு. "அந்த மில்லு உங்க லிஸ்ட்லயே இல்லீங்களே."