தங்கையைத் தூக்கிய கால்கள்

பேருந்தில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவள் கண்டக்டர் அக்காதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கணவனை இழந்த தங்கையோடு, லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் இரண்டாம் மாடியில் குடியிருந்தாள். தங்கைக்கு ஐம்பது தாண்டியும் இவளுக்கு அவள் இன்னும் 'பாப்பா'.

ஒரு நாள் டிரைவர் சட்டென்று பிரேக் போட, படியருகே நின்ற அக்காவின் கணுக்கால் மடங்கிவிட்டது. வீக்கம் வடிந்த பிறகும் அந்தக் கால் சமயம் பார்த்து அவளை வாரிவிட்டது.

தங்கைக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. அங்கே கால் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் விவரம் கேட்டு வந்து, நாற்காலிக்கு முன்னால் ஒரு துண்டை விரித்தாள்.

"உக்காந்து, கால் விரலாலயே இதச் சுருட்டி உன் பக்கம் இழு. அப்புறம் சமையல் மேடையப் பிடிச்சுக்கிட்டு குதிகாலத் தூக்கி மெதுவா இறக்கு. அது பழகினதும் ஒத்தக் கால்ல நில்லு."

"நாள் முழுக்க பஸ்ல நிக்கிறேன். வீட்டுலயும் கொக்கு மாதிரி நிக்கணுமா?"

அக்கா ஏமாற்றினாள். துண்டைக் கையால் கசக்கிப் போட்டுவிட்டு, செய்தாயிற்று என்பாள். தங்கை அதை எடுத்துப் பார்ப்பாள். "உன் கால் விரலு பூ கட்டும் போலிருக்கே!" என்பாள். இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

பிறகு தங்கையின் முதுகுத்தண்டில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை செய்து எடுக்க முடியாது என்றார்கள் டாக்டர்கள். இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. அவளைக் குளியலறைக்குத் தூக்கிப்போன முதல் நாளே அக்காவின் கால் மடங்க, இருவரும் தரையில் விழுந்தார்கள். அடிபட்ட தங்கை சிரித்தாள், அக்காதான் அழுதாள்.

மறுநாள் காலையில் யாரும் சொல்லாமலே அக்கா துண்டை விரித்தாள். கட்டிலில் படுத்தபடி தங்கை அதட்டினாள்.

"குதிகாலப் பொத்துன்னு போடாத. இறக்குறதுலதான் பலமே இருக்கு."

"சரிங்க டீச்சர்."

விரல்கள் முதலில் துண்டைத் தடவின, பிறகு கவ்வின. ஒற்றைக் காலில் நிற்கையில் மேடையைப் பிடித்த கை தானாக விலகியது. மழைக்காலம் முடியும்போது தங்கையைக் குழந்தைபோல் அள்ளிக்கொண்டுபோய், வீதி தெரியும் ஜன்னலோரம் உட்கார வைக்க அவளால் முடிந்தது.

ஒரு நாள் அப்படித் தூக்கியபோது தங்கை அவள் கழுத்தில் முகம் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நான் ரொம்ப லேசாயிட்டேன்ல, அக்கா?"

அக்காவின் கைக்குள் எலும்பு மட்டுமே தட்டுப்பட்டது.

"லேசாவது கீசாவது. என் காலுக்குப் பலம் வந்திருக்கு. நீ சொல்லிக் கொடுத்ததுதானடி."

தங்கை நம்பவில்லை என்பது அக்காவுக்குத் தெரிந்தது.

தங்கைக்கு மூச்சு முட்டிய அன்று ஆம்புலன்ஸ்காரர்கள் கொண்டுவந்த ஸ்ட்ரெச்சர் மாடிப்படி வளைவில் திரும்பவில்லை. "விடுங்கப்பா, நானே தூக்குறேன்" என்று அக்கா தங்கையை வாரியெடுத்துப் படியிறங்கினாள். ஒவ்வொரு படியிலும் பாதம் பதிந்தது. கணுக்கால் அசையவில்லை.

"விழுந்துடாத" என்று தங்கை முணுமுணுத்தாள்.

"விட மாட்டேன், பாப்பா."

அன்று மாலையே ஆஸ்பத்திரியில் தங்கை கண்ணை மூடிவிட்டாள்.

காரியங்கள் முடிந்து அக்கா வேலைக்குத் திரும்பினாள். கூட்டம் நெரிந்த பேருந்து பள்ளத்தில் இறங்கிக் குலுங்கியபோது, கம்பியைப் பிடிக்காமலே நின்று டிக்கெட் கொடுத்தாள். கடைசி நிறுத்தத்தில் எல்லாரும் இறங்கியதும் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"இப்ப கால் சும்மா கல்லு மாதிரி நிக்குதே அக்கா! என்ன வைத்தியம் பண்ணினீங்க?"

அக்கா பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு, அவள் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார்.