கொசு வேஷம்

மழைக்காலம் வந்தால் ஊரே டெங்குவுக்குப் பயப்படும். நான் மட்டும் அதற்காகக் காத்துக்கிடந்தேன். விழிப்புணர்வுத் தெரு நாடகத்தில் எனக்குக் கொசு வேஷம்.

முதலில் அம்மாவாக நடித்தவருக்கே காய்ச்சல் வந்துவிட்டது. சந்தேகமே வேண்டாம், டெங்குதான். அவருக்குப் பதிலாக, ஒத்திகைகூட இல்லாமல், சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து ஒரு பெண் வந்தாள். தினமும் அவள் வருவதற்குள் என் முகத்தில் கறுப்பு மை பூசி, மூக்கில் அட்டைக் குழல் கட்டியாகிவிடும். மயிலாப்பூரில் ஆரம்பித்து தி. நகரில் முடியும்வரை வேஷத்தைக் கலைக்க நேரமிருக்காது. மதியச் சாப்பாடும் அந்த முகத்தோடுதான். கடைசி ஆட்டம் முடிந்ததும் அவள் ஓடிப்போய் பஸ் பிடித்துவிடுவாள்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. மாடியில் கிடக்கும் கொட்டாங்குச்சித் தண்ணீரிலிருந்து நான் கிளம்பி வருவேன். அவள் கொசு பேட்டால் என்னை அடித்துக் கொல்வாள். சனம் கைதட்டும். பேட்டை ஓங்கும்போது எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "பாத்து விழுங்கண்ணா, கீழ கல்லு கீது" என்பாள். அதைக் கேட்க எத்தனை முறை வேண்டுமானாலும் சாகலாம் என்றிருந்தது. அந்த 'அண்ணா'தான் வயிற்றெரிச்சல். வேனில் எல்லோர் முன்னாலும் 'கொசுண்ணா' வேறு.

கடைசி நாள் முகத்தைக் கழுவிக்கொண்டு மனிதனாகப் போய்ப் பேசலாம் என்றிருந்தேன். அன்று மழை கொட்டி ஆட்டமே ரத்து. அவள் நம்பரை யாரிடமும் கேட்கத் துணிவில்லை. அடுத்த வருஷம் நாடகம் வேண்டாமென்று, போனில் பார்க்கிற வீடியோவாக எடுத்துவிட்டார்கள். கம்ப்யூட்டரில் வரைந்த கொசு. பாவி, என்னைவிட நன்றாகவே பறந்தது.

போன மழைக்காலத்தில் லஸ் பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"சார், அடையாறு பஸ் பூடுச்சா?"

"இன்னும் வரல" என்றேன். குரலையாவது கண்டுபிடிக்க மாட்டாளா என்று, "மழைல லேட்டாத்தான் வரும்" என்றும் சேர்த்துக்கொண்டேன். தலையாட்டிவிட்டு ரோட்டைப் பார்த்தாள்.

யாரைப் பார்த்தாலும் சொல்கிற சார். அன்றைக்கு அண்ணா என்றதற்கு அப்படிப் புழுங்கியவன், அந்த அண்ணாவை இன்னொரு தடவை கேட்க மாட்டோமா என்று ஏங்கிப்போனேன். 'நான்தாம்மா, கொசு' என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். அவளாகக் கண்டுபிடிக்க வேண்டுமென்று வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நானும் அந்த பஸ்ஸுக்குத்தான் காத்திருந்தேன். ஏறவில்லை.