பூங்காத் தெரு, பதினான்காம் எண் வீடு

என் அத்தையை வீட்டில் எல்லோரும் சி.ஐ.டி. என்றுதான் சொல்வோம். காதில் விழுந்தாலும் கோபப்பட மாட்டாள். அந்தப் பெயரை முதலில் வைத்தது யார் என்று மட்டும் விசாரிப்பாள். கூரியர் வந்தால் பெட்டியைக் குலுக்கிப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவாள். மருந்துக் கடையில் மாத்திரை அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷமாகியும் மாமா "கடைக்குப் போயிட்டு வரேன்" என்றால், "எந்தக் கடைக்கு?" என்பாள்.

அவள் பிசியோதெரபிஸ்ட். வீடு வீடாகப் போய், கால் கை சரியாக வராதவர்களுக்குப் பயிற்சி கொடுப்பாள். அவள் வேலை பார்க்கும் நிறுவனம் போனில் விவரம் அனுப்பும்: வயது, கோளாறு, முகவரி. நோயாளியின் பெயர் வராது. பெயர் வெளியே கசியக் கூடாது என்பது அவர்கள் விதி. அதற்கு மேல் அத்தை தனக்கென்று ஒரு விதி வைத்திருந்தாள். வாசலில் நின்று யார் பெயரையும் கேட்க மாட்டாள், தன் பெயரையும் சொல்ல மாட்டாள். "பிசியோ வந்திருக்கேன்" என்பதோடு சரி.

"அக்கம்பக்கத்து ஜன்னலுக்கெல்லாம் காது இருக்குடி. எந்த வீட்டுல யாரு தனியா படுத்திருக்காங்கன்னு நாமே ஊருக்குச் சொல்லணுமா?"

நான்கு வருஷம் எங்கெங்கோ சுற்றிவிட்டு வந்து, அத்தை வீட்டு மாடியறையில் நான் தங்கியிருந்த சமயம் அது. ஒரே இடத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் எனக்குக் கால் ஆட ஆரம்பித்துவிடும். ஓடுகிற வண்டியில் ஆடாது. அதனால் அவளோடு காரில் கிளம்பிவிடுவேன். அவள் உள்ளே வேலை பார்ப்பாள், நான் காரிலும் தெருவிலுமாகக் காத்திருப்பேன்.

அப்போதுதான் அவளுக்குப் புறநகர்ப் பகுதி ஒதுக்கப்பட்டது. தெரியாத தெருக்கள். போனில் வழி பார்க்கலாமே என்றேன்.

"போன்ல போட்டா நாம போற இடமெல்லாம் எவனோ உட்கார்ந்து பாப்பான்" என்றவள், காருக்கென்று தனியாக விற்கும் ஜி.பி.எஸ். கருவி ஒன்றை வாங்கி வந்தாள். உள்ளங்கை அகலத் திரை. பின்னால் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள ஒரு ரப்பர் கிண்ணம். கடைக்காரரை அரை மணி நேரம் குறுக்கு விசாரணை செய்து அவள் தெரிந்துகொண்டது ஒன்றுதான்: அது செயற்கைக்கோள் சொல்வதைக் கேட்குமே தவிர, திருப்பி எதுவும் சொல்லாது.

"வாங்கிக்கும், குடுக்காது. அப்படித்தான் இருக்கணும்."

அப்படியும் உடனே நம்பிவிடவில்லை. ஒரு மாதம் சோதனை நடந்தது. தனக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் போகத் தெரிந்த இடங்களுக்கெல்லாம் அதனிடம் வழி கேட்டாள். தபால் நிலையம், தம்பி வீடு, பல் டாக்டர். வேண்டுமென்றே தப்பான தெருவில் திருப்பி, அது கோபப்படுகிறதா என்று பார்த்தாள். அதில் பேசும் பெண் குரல் பதறாமல் புது வழி சொன்னது.

"பாத்தியா, எத்தனை தடவை தப்பா போனாலும் குத்திக் காட்டுறதில்ல. உங்க மாமாவா இருந்தா இந்நேரம்..."

பின் சீட்டில் இருந்த மாமா, "என்னை ஒரு மாசம் டெஸ்ட் பண்ணாம கட்டிக்கிட்டா பாரு, அந்த வருத்தம்" என்றார்.

மாதம் முடிந்தபோது, மனிதர் எவருக்கும் கிடைக்காத நம்பிக்கை அந்தக் கருவிக்குக் கிடைத்திருந்தது. ஆனால் அதைச் சுற்றியுள்ள உலகத்தை அவள் நம்பவில்லை. காரை நிறுத்தும்போதெல்லாம் கருவியைப் பிடுங்கிக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைப்பாள். கண்ணாடியில் ரப்பர் விட்ட வட்டத் தடத்தையும் துடைப்பாள். தடத்தைப் பார்த்தாலே உள்ளே கருவி இருக்கிறது என்று திருடனுக்குத் தெரிந்துவிடுமாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, அன்று போன இடங்களின் பட்டியலை அழிப்பது. அது தவறான கையில் சிக்கினால் எந்தெந்த வீட்டில் முடியாதவர்கள் இருக்கிறார்கள் என்று வரிசையாகக் காட்டிக் கொடுக்கும். இதில் மட்டும் அவள் சொல்வது நியாயமாகவே பட்டது எனக்கு.

ஒரு திங்கட்கிழமை அத்தையை அலுவலகத்துக்கு வரச் சொன்னார்கள். நானும் கூடப் போனேன்.

மேனேஜர் ஒரு காலத்தில் அத்தையிடம் வேலை பழகியவள். இன்னும் "அக்கா" என்றுதான் கூப்பிடுவாள். அவள் மேனேஜர் ஆன நாளிலிருந்து அத்தை அவளை "மேடம்" என்கிறாள். அது மரியாதை இல்லை என்பது இருவருக்குமே தெரியும்.

"உட்காருங்க அக்கா."

"நின்னுக்கிட்டே கேக்குறேன் மேடம்."

"பூங்காத் தெரு, பதினாலாம் நம்பர். அந்த அம்மாவோட பையன் புகார் குடுத்திருக்கார். மூணு புதன்கிழமையா யாருமே வரலையாம்."

"பொய். மூணு வாரமும் நாப்பது நிமிஷம் இருந்தேன். தாள்ல கையெழுத்து வாங்கியிருக்கேன்."

"அதைத்தான் அவருக்கு அனுப்பினேன். இது எங்க அம்மா கையெழுத்தே இல்லைங்கிறார்."

அத்தை உட்கார்ந்துவிட்டாள். கள்ளக் கையெழுத்து என்று மேலிடத்துக்கு எழுதிப் போனால் வேலை மட்டுமல்ல, தொழில் செய்யும் உரிமமே போய்விடும். இருபத்தாறு வருஷம் ஒருவர்கூட விரல் நீட்டிப் பேசாத வேலை.

"நான் கூடப் போயிருந்தேன்" என்றேன். "மூணு தடவையும் கார்ல இருந்தேன்."

"நீ அவங்க அண்ணன் பொண்ணும்மா. உன் சாட்சி எடுபடாது" என்ற மேனேஜர், அத்தை பக்கம் திரும்பினாள். "அந்த ஜி.பி.எஸ்.ல போன இடமெல்லாம் பதிவாகியிருக்குமே அக்கா? அதைக் காட்டுங்க, போதும்."

அத்தை பைக்குள் கையை விட்டாள். வெறுங்கையாக வெளியே எடுத்தாள்.

"அழிச்சிட்டேன்."

"எந்த நாளை?"

"எல்லா நாளையும். தினமும் அழிப்பேன்."

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தாள். "கையெழுத்து அந்த அம்மாவோடது இல்லை, பதிவையும் அழிச்சிருக்காங்க. இதை நான் எழுதினா படிக்கிறவங்க என்ன நினைப்பாங்க? நீங்களே சொல்லுங்க."

 அத்தையின் மனதுக்குள் சந்தேகப் பட்டியல் ஓடுவது முகத்தில் தெரிந்தது: அந்தப் பையன், புகாரை எழுதி வாங்கிய குமாஸ்தா, எதிரே உட்கார்ந்திருக்கும் பழைய மாணவி. மேனேஜரோ கையெழுத்துத் தாளை இன்னொரு முறை புரட்டிக்கொண்டிருந்தாள்.

"இது என்ன அக்கா? நாங்க இடது முழங்கால்னு அனுப்பியிருக்கோம். நீங்க அடிச்சிட்டு வலதுன்னு எழுதியிருக்கீங்க?"

"தேஞ்சிருந்தது வலது கால். உங்க ஆபீஸ்ல எதைத்தான் ஒழுங்கா எழுதினீங்க?"

மேனேஜரின் விரல் அந்த வரியிலேயே நின்றது.  மேனேஜர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "வண்டியை எடுங்க. இப்பவே போய்ப் பாப்போம்."

அத்தை கருவியைக் கண்ணாடியில் அழுத்தி ஒட்டினாள். தெருவின் பெயரை ஒவ்வோர் எழுத்தாக அடித்தாள். மேலே வந்த வரியைத் தொட்டாள். அந்தக் குரல் சொன்னபடியே, ஒரு சந்துகூடத் தவறாமல் ஓட்டினாள். பச்சைக் கேட், பதினான்கு என்ற எண்.

"நல்லாப் பாத்துக்கோங்க மேடம். இந்த வீடுதான்."

கேட்டைத் திறந்த அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். அத்தையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "இன்னைக்குப் புதன்கிழமை இல்லையே! வாங்க, வாங்க. நேத்து ரெண்டு படி பிடிக்காமலே ஏறினேன்."

அத்தை வெற்றியோடு மேனேஜரைப் பார்த்தாள். மேனேஜர் அந்த அம்மாவிடம் பெயரைக் கேட்டாள். பிறகு கையிலிருந்த கோப்பைப் பார்த்தாள். மறுபடி அந்த அம்மாவைப் பார்த்தாள்.

"உங்களுக்குப் பையன் இருக்காராம்மா?"

"பையன் ஏது? ஒரே பொண்ணு. வெளியூர்ல இருக்கா."

"அப்போ இவங்களை யார் அனுப்பினதா நினைச்சீங்க?"

"முதல் வாரம் பொண்ணுதான் ஏற்பாடு பண்ணியிருப்பான்னு நினைச்சேன். போன் பண்ணிக் கேட்டா, எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கிறா."

"அதுக்கப்புறமும் ரெண்டு வாரம் உள்ள விட்டீங்களே?"

அந்த அம்மா வலது முழங்காலைத் தடவிக்கொண்டார். "கேட்டா போயிடுவாங்கன்னு கேக்கல. கால் அப்பத்தான் கொஞ்சம் சொன்ன பேச்சு கேக்க ஆரம்பிச்சிருந்தது."

அத்தைக்குக் குரல் உயர்ந்தது. "தெரிஞ்சே என்னை ஏமாத்தினீங்களா?"

"நீங்க பேரு கேட்டீங்களா? கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கால்தான் கேட்டீங்க, நீட்டினேன்."

மேனேஜர் இருமுவது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. அத்தையைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. நெற்றியெல்லாம் வியர்த்து, கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

காரில் வந்து உட்கார்ந்து மேனேஜர் கருவியில் தெருப் பெயரை மறுபடி அடித்தாள். பட்டியலை விரலால் மேலே தள்ளினாள். கீழே ஒளிந்திருந்த வரி மேலே வந்தது. அதுவும் பூங்காத் தெருதான், கால்வாய்க்கு அந்தப் பக்கம். எந்தப் பக்கம் என்று அலுவலகம் எழுதி அனுப்பவில்லை. கருவி முதலில் காட்டியதை அத்தை கேள்வி கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய வீட்டு வாசலிலும் கேட்கவில்லை.

"நீங்க போனது உண்மை. அதை நானே எழுதுவேன் அக்கா" என்றாள் மேனேஜர். "ஆனா அந்தப் பையன் புகாரை வாபஸ் வாங்கலைன்னா என் கையில ஒண்ணும் இல்லை."

அத்தை அந்த வரியைத் தொட்டு, கருவி சொன்ன வழியில் கால்வாய்ப் பாலத்தைத் தாண்டினாள். இடது பக்கம் திரும்பச் சொன்ன இடத்தில் அத்தை காரை நிறுத்தி, தெருப் பலகையைப் படித்தாள். பெட்டிக் கடையிலும் இறங்கிக் கேட்டாள். பிறகுதான் திரும்பினாள்.

இந்தப் பதினான்காம் எண் வீட்டு வாசலில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். புகார் கொடுத்த பையன். அத்தை நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். பச்சைக் கேட்டையும், வலது காலையும், அழித்த பட்டியலையும் சொன்னாள். "தப்பு என்னோடது" என்றாள். அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரோ ஒரு அம்மாவுக்கு மூணு வாரம் கால் பிடிச்சு விட்டீங்க, அவங்களும் பேசாம இருந்தாங்க. இந்தக் கதையை நான் நம்பணும்?"

"நானா இருந்தா நம்ப மாட்டேன்" என்றாள் அத்தை.

அவர் அடுத்த கேள்விக்கு வாயைத் திறப்பதற்குள் உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "டேய், உன் விசாரணையை அப்புறம் வச்சுக்கோ. வந்தவங்களை உள்ள விடுடா. எனக்குக் கால் வலிக்குது."

அவர் வழிவிட்டார். ஆனால் போனை எடுத்து, அத்தை செருப்பைக் கழற்றியதிலிருந்து எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டே பின்னால் போனார். மேனேஜருக்குச் சங்கடமாக இருந்தது.  அத்தை கட்டிலருகே தரையில் உட்கார்ந்து, அந்த அம்மாவின் பெயரைக் கேட்டாள். எந்தக் கால் என்று கேட்டாள். இடது என்றதும், அந்த முழங்காலைக் கையில் ஏந்திக்கொண்டு, "வெளிச்சம் பத்தல தம்பி, இந்தப் பக்கம் வந்து எடுங்க" என்றாள்.

பச்சைக் கேட் அம்மாவை மேனேஜர் முறைப்படி புது நோயாளியாகச் சேர்த்தாள். இந்தப் பையன் மட்டும் அடுத்தடுத்த மூன்று புதன்கிழமைகளும் விடாமல் படம் எடுத்தார். மூன்றாவது வாரம் அவருடைய அம்மா சமையலறைவரை நடந்து போய் வந்தார். அன்று சாயங்காலம்தான் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டதாக அலுவலகத்துக்கு எழுதினார். எழுதியதன் நகலை அத்தைக்கும் அனுப்பி, கிடைத்ததற்குக் கையெழுத்துக் கேட்டிருந்தார்.

அத்தை அந்தத் தாளை இரண்டு முறை படித்தாள்.

"இவன் பொழைச்சுக்குவான்டி" என்றாள்.