அலியானிகோவும் தயிர் சாதமும்

1. ஒரே ஒரு சனிக்கிழமை

லிவர்மோரில் நான் வேலை பார்க்கும் ஒயினரியின் முதலாளி டோனா ஒரு திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டு, அலியானிகோ கொடிகளை வெட்டிவிட்டு வேறு ரகம் ஒட்டுப் போடப் போவதாகச் சொன்னார். அலியானிகோ தெற்கு இத்தாலியத் திராட்சை. அதன் ஒயின் கருஞ்சிவப்பு. துவர்ப்பு நாக்கைப் பிடித்து இழுக்கும். ருசி பார்க்கும் டேஸ்டிங்குக்கு வருகிறவர்கள் ஒரு மடக்குக் குடித்து முகம் சுளிப்பார்கள், பாட்டில் வாங்க மாட்டார்கள்.

ஐம்பத்து மூன்று வயதில் ஐ.டி. வேலை போய், இங்கே கிளாஸ் கழுவச் சேர்ந்தவள் நான். யாருக்கும் பிடிக்காத ஒயின் என்பதால்தான் அதை ஊற்றும் கவுண்டரை என் தலையில் கட்டினார்கள். கொடி போனால் கவுண்டரும் போகும், நான் மறுபடி சிங்க்குக்குப் போக வேண்டியதுதான்.

ஒரு சனிக்கிழமை கொடுங்கள், எங்கள் ஊர்ச் சாப்பாட்டோடு ஊற்றிக் காட்டுகிறேன், இருபது பாட்டில் போகாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள் என்றேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

2. சொந்தச் செலவில் சூனியம்

கனமான ஒயினுக்குக் கனமான சாப்பாடு என்று படித்திருந்தேன். வரமிளகாயைத் தாராளமாகப் போட்டு மட்டன் சுக்கா செய்தேன். வீட்டில் சுக்காவைத் தனியாக ருசி பார்த்தேன், ஒயினைத் தனியாக ருசி பார்த்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்கவே இல்லை. சுக்கா எதற்கும் பொருந்தும் என்று நம்மவர்களுக்கு ஒரு குருட்டு நம்பிக்கை.

பக்கத்து ஊரான ஃப்ரீமான்ட்டிலிருந்து நம் தமிழ் ஆட்கள் பன்னிரண்டு பேர் வந்தார்கள். கிளாஸைச் சுழற்றச் சொன்னேன், மோந்து பார்க்கச் சொன்னேன், துவர்ப்பைத் தரும் டானின் பற்றிப் பத்து நிமிடம் இங்கிலீஷில் பேசினேன். பிறகு ஒரு வாய் சுக்கா, ஒரு மடக்கு ஒயின். மேசை முழுக்க இருமல். காரத்தின் மேல் ஆல்கஹாலும் துவர்ப்பும் ஏறினால் எரிச்சல் பல மடங்காகும்.

"மேடம், இது ஒயினா ஆசிடா?" என்றார் செந்தில் என்பவர், கண்ணில் தண்ணீரோடு. டோனா கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

செந்திலின் மனைவி கவிதா குடிப்பதில்லை. திரும்பும்போது டிரைவ் பண்ண வேண்டியவர் அவர்தான். கொண்டுவந்திருந்த கூலர் பெட்டியைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்தார். அரை மணி நேரப் பயணம் என்றாலும் நம் ஆட்கள் தயிர் சாதம் இல்லாமல் கிளம்புவார்களா?

"ஏங்க, முதல்ல இதைச் சாப்பிடுங்க."

செந்தில் நாலு வாய் சாப்பிட்டார். எரிச்சல் தணிந்ததும், கையில் இருந்த கிளாஸிலிருந்து ஒரு மடக்குக் குடித்தார். கிளாஸை உற்றுப் பார்த்தார். இன்னொரு மடக்கு.

"கவி, இப்ப ஸ்மூத்தா இருக்குடி! அதே ஒயின்தானா?"

"வாழைப்பூவை மோர்ல போட்டாத் துவர்ப்பு போகுதில்ல? அதே கதைதான்" என்றார் கவிதா.

எனக்குப் பளாரென்று அறைந்த மாதிரி இருந்தது. எத்தனை வாழைப்பூவை ஆய்ந்து மோரில் போட்ட கை இது! சமையலறைக்கு ஓடினேன். சுக்காவைக் கெட்டித் தயிரில் புரட்டி, பக்கத்தில் ஆட்டுப்பால் சீஸ் வைத்துக் கொண்டுவந்தேன். "துவர்ப்பா இருக்கும், பயப்படாதீங்க, தயிரோட சாப்பிடுங்க" என்று தமிழில் சொன்னேன். இருமல் நின்றது, பேச்சு கிளம்பியது, கிளாஸ்கள் மறுபடி நீண்டன.

3. பதினொன்று

அன்று பதினொரு பாட்டில்தான் போயிற்று. பந்தயத்தில் நான் தோற்றேன். ஏப்ரனைக் கழற்றும்போது டோனா வந்தார், கையில் கவிதாவின் டப்பாவும் ஒரு ஸ்பூனும், டப்பா பாதி காலி. கொடிகள் இன்னும் ஒரு வருடம் இருக்கட்டும், அடுத்த மாதமும் இதேபோல் நடத்து என்றார். பேரல் அறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். சர்டிஃபிகேட் வேண்டும், புத்தகமும் வேண்டும். ஆனால் உங்கள் நாக்குக்கு ஏற்கெனவே தெரிந்ததையும் கூட்டிக்கொண்டு உள்ளே வாருங்கள். அதைக் கார் பார்க்கிங்கிலேயே விட்டுவிட்டு, இரண்டு வருடம் நான் யாரோ மாதிரி ஒயின் ஊற்றிக்கொண்டிருந்தேன்.