கூப்பனோடு போன இளவரசி

வார இதழின் தாள் ஒன்று இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. மேலே குதிரையில் அமர்ந்த இளவரசியின் படம். கீழே மூன்று பத்தியாகக் கதை. மூன்றாம் பத்தியின் அடியில், 'தொடரும்' என்ற சொல்லுக்குச் சற்று மேலே, தீப்பெட்டி அளவில் ஓர் ஓட்டை. கரையான் அரித்ததும் இல்லை, எலி கடித்ததும் இல்லை. எங்கள் தோட்டத்துக் கிராணி கத்தரிக்கோல் வைத்து, ஓரம் பிசகாமல் வெட்டி எடுத்தது. அந்தத் தாளின் பின்பக்கத்தில் குறுக்கெழுத்துப் போட்டியின் கூப்பன் இருக்கும். கூப்பன் போகும்போது கதையின் எட்டுப் பத்து வரிகளும் சேர்ந்தே போகும். வாரம் தவறாமல் போயின. இதை எழுதும்போதுகூட எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மலாக்காவில், நியாலாஸ் பக்கம், எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் ஒரு தோட்டத்தில் இருந்தோம். அத்தை என் அப்பாவின் அக்கா; தொழிலாளர் லயத்தில் அடுத்த வீடு. மரத்தடியில் சிதறிக் கிடக்கும் உதிரிப் பழங்களைப் பொறுக்கி மூட்டை கட்டுவது அவர் வேலை. தமிழ்நாட்டிலிருந்து வரும் அந்த இதழை ஆறு வீடுகள் சேர்ந்து வாங்கின. ஜாசின் டவுன் கடையிலிருந்து எடுத்து வருபவர் அலுவலகக் கணக்குப் பார்க்கும் கிராணி என்பதால், முதல் வாசிப்பு அவருக்கு. பிறகு வீடு வீடாக இறங்கிக் கடைசியில் அத்தையிடம் வரும். கடைசி வீட்டுக்கு ஓர் உரிமை உண்டு. தொடர்கதைத் தாள்களைக் கிழித்து வைத்துக்கொள்ளலாம். அத்தை அவற்றைச் சாக்கு நூலால் தைத்து, பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டு, பாகம் பாகமாகச் சேர்த்து வந்தார். மூன்று வருடம் ஓடிய கதை, மொத்தம் ஐந்து பாகம்.

அந்தச் சரித்திரக் கதையை அத்தை படித்த அழகைச் சொல்லியாக வேண்டும். முதலில் படத்தை மட்டும் பார்ப்பார். யார் முகம் வாடியிருக்கிறது, யார் இடுப்பில் வாள் இல்லை என்று பார்த்து, என்ன நடந்திருக்கும் என்று தானே ஒரு முடிவுக்கு வருவார். அப்புறம்தான் எழுத்துக்குள் இறங்குவார். இளவரசி பவளநங்கை சுரங்கத்தில் தனியாக நடந்தால் அடுப்பில் சோறு அடிப்பிடிக்கும். படைத்தலைவன் அவளிடம் ஒரு சொல் கடுமையாகப் பேசிவிட்டால், அன்று இரவு மாமாவுக்குத் தட்டு சத்தத்தோடுதான் வைக்கப்படும். மாமா பாவம், என்னிடம் வந்து, "இந்த வாரம் அவன் என்னாத்தடி செஞ்சான்?" என்று விசாரிப்பார்.

மறுநாள் பசியாறும் நேரத்தில் செம்பனை நிழலில் சாக்கை விரித்து, கூட வேலை செய்யும் பெண்களுக்கு அதை வாய்விட்டுப் படிப்பார். பள்ளி விடுமுறையில் நானும் போய் உட்காருவேன். அவர்களில் ஒருத்திக்கு முதல் பாகம் ஓடும்போதே பெண் குழந்தை பிறந்தது. பவளநங்கை என்றே பெயர் வைத்தாள். பதிவு அலுவலகத்தில் இருந்த மலாய்க்காரர் மூன்று தடவை கேட்டு எழுதினாராம்.

ஓட்டை வந்த இடத்தில் அத்தை நிற்கமாட்டார். குரல்கூட மாறாது. தானாக எட்டு வரி சொல்லி, 'தொடரும்' என்று முடிப்பார். அடுத்த வாரம் கதை வேறு பக்கம் போயிருந்தால் பெண்கள் விடுவார்களா?

"என்னாக்கா, போன வாரம் கால்ல வெட்டுப்பட்டு விழுந்தான்னீங்க. இன்னிக்குக் குதிர ஓட்டுறான்?"

"வைத்தியம் பார்த்தாங்க லா. அதெல்லாமா எழுதுவாங்க?"

சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வாரம் கிராணி எதனாலோ வெட்ட மறந்துவிட்டார். அத்தை தாளைத் திருப்பினார். கூப்பனில் போட்டியின் கடைசித் தேதி அச்சாகியிருந்தது. இதழ் எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்வதற்குப் பத்து நாள் முன்பே அது முடிந்திருந்தது. கப்பலில் வரும் இதழ். எல்லா வாரமும் அப்படித்தான் இருந்திருக்கும். அத்தனை கூப்பனும் செத்த கூப்பன்! அத்தை தாளை மடித்துக்கொண்டு நேரே ஆபீசுக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன்.

"கிராணி ஐயா, போட்டி முடிஞ்சப்புறம்தான் நமக்கு புக்கே வருது. தேதி பாருங்க. இனிமே வெட்டாதீங்க."

அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "அது அந்த ஊர்க்காரனுக்குப் போட்ட தேதி. வெளிநாட்டுக்குத் தனியா பார்ப்பான். உனக்கு என்னா தெரியும்?"

"அப்போ எல்லாரும் படிச்சப்புறம் வெட்டிக்குங்க."

"லேட்டாயிடும்."

லேட்டாயிடுமாம்! அடுத்த வாரமும் ஓட்டை வந்தது. அந்த மனிதர் ஒரு பரிசும் வாங்கவில்லை, வாங்கியிருக்கவும் முடியாது. இருந்தும் ஒரு பொம்பளை வந்து சொன்னதால் கத்தரிக்கோலைக் கீழே வைக்க அவருக்கு மனம் வரவில்லை. எத்தனையோ பெரிய அநியாயங்களைப் பார்த்துவிட்டேன். இந்தச் சின்ன அநியாயம்தான் எனக்கு ஆறவே இல்லை.

கடைசி வாரம் வந்தது. பவளநங்கை கையில் ஒரு கிண்ணத்தோடு நிற்கிறாள், வாசலில் குதிரைச் சத்தம் கேட்கிறது. அவள் கிண்ணத்தைத் தூக்குகிறாள். அங்கே ஓட்டை. அதன் கீழே 'முற்றும்'. அத்தை தாளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஜாசின் கடையில் அந்த வாரத்து இதழ் தீர்ந்துபோயிருந்தது. வேறு வழியில்லாமல் மறுபடி ஆபீசுக்குப் போனார். கூப்பன் அதற்குள் தபாலில் போயிருந்தது. அங்கே என்ன எழுதியிருந்தது, அதை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டார். கிராணி கதையைப் படிப்பவரே இல்லை.

"ஒன்னு கல்யாணம் பண்ணியிருப்பா, இல்ல செத்திருப்பா. ரெண்டுல ஒன்ன வச்சிக்க லா" என்றார். பக்கத்தில் நின்ற, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சிரித்தார்.

அத்தை கல்யாணத்தை வைத்துக்கொண்டார். கிண்ணத்தில் இருந்தது பால் என்றும், படைத்தலைவன் வந்து மண்டியிட்டான் என்றும், அவள் அரியணை ஏறி நாற்பது வருடம் ஆண்டாள் என்றும் பெண்களுக்குப் படித்தார். கைதட்டினார்கள். குழந்தை பவளநங்கையைத் தூக்கிக் கொஞ்சினார்கள்.

ஆறேழு வருடம் கழித்து, மலாக்கா டவுனில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நான், தீபாவளிச் சந்தையில் ஐந்து பாகமும் புத்தகமாக அடுக்கியிருப்பதைப் பார்த்தேன். என் சந்தோஷத்துக்கு அளவே இல்லை. அட்டையைத் தவிர எதையும் புரட்டவில்லை. முதலில் அத்தைதான் படிக்க வேண்டும். வாங்கிய கையோடு தோட்டத்துக்கு பஸ் ஏறினேன்.

அத்தை நேராகக் கடைசி அத்தியாயத்தைத் திறந்தார். கிண்ணத்தில் இருந்தது நஞ்சு. படைத்தலைவனின் மானத்தைக் காப்பாற்ற பவளநங்கை அதைக் குடித்துச் செத்துப்போகிறாள். அவன் அவள் பெயரில் ஒரு கோயில் கட்டிவிட்டு, வேறொருத்தியை மணந்து நாட்டை ஆள்கிறான்.

"கோயில் கட்டுனானாம்!" என்றார் அத்தை. "அஞ்சு பாகம் அவகூட நடந்தோமே. இத எழுத இந்த ஆளுக்கு எப்படி மனசு வந்துச்சு?"

அந்த நேரம் பார்த்து பவளநங்கை வந்து நின்றாள். ஒன்பது வயது, பள்ளிச் சீருடை. தன் பெயர் போட்ட புத்தகம் வந்திருக்கிறதாமே என்று கேட்டாள். நான் புத்தகத்தை மறைக்கப் பார்த்தேன். அத்தை என் கையைத் தட்டிவிட்டு அதை அவளிடம் நீட்டினார்.

"கடைசி அத்தியாயம் மட்டும் படி. படிச்சிட்டு எங்கிட்ட வா."

சின்னப் பிள்ளையிடம் போய் இதைக் கொடுக்கிறாரே என்று அத்தை மேலேயே எனக்குக் கோபம். மறுநாள் காலையில் வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. புத்தகத்தைப் பாயில் போட்டாள்.

"யாரு பெரியம்மா இத எழுதுனது? அவங்க அட்ரஸ் இருக்கா?"

எழுதியவர் காலமாகிவிட்டார் என்று உள் அட்டையில் போட்டிருந்ததை அதற்குள் நான் படித்துவிட்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. போய்ச் சேர்ந்துவிட்டார் என்பதற்காகச் செய்ததை விட்டுவிட முடியுமா?

அத்தை நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். 'ஐயா, நீங்கள் செய்தது பெரிய அநியாயம்' என்று அவர் சொல்லச் சொல்ல, பவளநங்கை குனிந்து எழுதினாள். அத்தை அடுத்த வரியை யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் பாட்டுக்கு எழுதிக்கொண்டு போனாள். எட்டிப் பார்த்தேன்.

'நான் சாகவில்லை. மூன்றாம் ஆண்டு படிக்கிறேன்.'