சமனாகாத சமையல் வாயு

வேதிச் சமன்பாடு சொல்லிக்கொடுப்பவர்களுக்குப் பிள்ளைகளின் சந்தேகங்கள் பழகிவிடும். நமக்கே வரும் சந்தேகங்கள்தான் பழகுவதில்லை. டியூஷன் எடுத்துத் தலையைப் பிய்த்துக்கொண்ட சகாக்களுக்கு இது புரியும்.

ஆகுர்டியில் எங்கள் கீழ்வீட்டு திவ்யா பதினொன்றாம் வகுப்புக் கெமிஸ்ட்ரியில் கோட்டை விட்டுவிட்டாள். பத்து நாளில் மறுதேர்வு. அதிலும் போனால் ஒரு வருஷம் வீண். வேறு யாரும் கிடைக்காததால் என்னிடம் அனுப்பினார்கள்.

கணக்கு சரி, தண்ணீர் தப்பு

மீத்தேனை எரிக்கச் சொன்னேன். இடப்பக்கம் ஹைட்ரஜன் நான்கு, வலப்பக்கம் இரண்டு. தண்ணீருக்கு முன்னால் ஒரு 2 போட்டால் போதும். இவளோ H₂O-வை H₄O ஆக்கி, அது உதைக்கவே O₂-வையும் O₃ ஆக்கியிருந்தாள். எண்ணிப் பார்த்தேன், எல்லாம் சரியாக வந்தது. எது தப்பென்று ஒரு நிமிஷம் எனக்கே பிடிபடவில்லை. முன்னால்தான் எண் போடலாம், உள்ளே கை வைத்தால் பொருளே மாறிவிடும் என்றேன்.

“ரெண்டு பக்கமும் சமமா, பராபர் ஆயிடுச்சே ஆன்ட்டி, அப்புறம் தண்ணி மாறினா என்ன?”

ஆறரை

சமையல் வாயுவில் இருக்கும் பியூட்டேனுக்கு ஆக்சிஜன் ஆறரை என்று எழுதிவிட்டு, கடைசியில் எல்லாவற்றையும் இரண்டால் பெருக்குவது என் வழக்கம். பெருக்குவதற்குள் நேரமாகிவிட்டது, திவ்யா நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டாள். அவள் அப்பாவுக்கு வண்டித் தொழிற்சாலையில் கடைசிச் சோதனை வேலை. மறுநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, நோட்டில் இருந்த ஆறரையைக் காட்டினார். அரை மூலக்கூறு கிடையாதுதான், சும்மா கணக்குக்காக என்று ஏதோ உளறினேன்.

“எங்க லைன்ல ஆறரை போல்ட்டுன்னு எழுதினா வண்டி கேட்டைத் தாண்டாது மேடம், இவ எப்படிப் பாஸாவா?”

குக்கரின் அடி

அடுத்து அவள் அம்மா, கரி பிடித்த குக்கரோடு வந்தார். காற்று போதாவிட்டால் வாயு முழுசாக எரியாது என்று விளக்கினேன். அவர் நோட்டையும் குக்கரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நீங்க எழுதினதுல புகையும் தண்ணியும்தானே இருக்கு, இந்தக் கரி யார் கணக்கு?”

ஷேர் ஆட்டோவில்

தேர்வு முடிந்து என்னோடு ஆட்டோவில் ஏறியவள் வினாத்தாளை நீட்டினாள். எத்தனால் எரிகிறது. எனக்குப் பகீரென்றது, அதை நான் நடத்தவே இல்லை. ஆட்டோவிலேயே தாளின் ஓரத்தில் போட்டுப் பார்த்தேன். வலப்பக்கம் ஆக்சிஜன் ஏழு, ஆகவே இடப்பக்கம் மூன்றரை மூலக்கூறு. அவள் எழுதியதோ மூன்று.

என்னால் ஒரு பெண்ணுக்கு வருஷம் போயிற்றே. மூன்றரை வரவேண்டும் என்று மெல்லச் சொன்னேன். அவள் என் பேனாவை வாங்கி, C₂H₅OH-இல் இருந்த O-வைச் சுற்றி வட்டம் போட்டாள்.

“இதை எண்ணவே இல்லையே ஆன்ட்டி, எரியற பொருளுக்குள்ளயே ஒண்ணு இருக்கு, அதனால மூணு போதும்.”

திவ்யா பாஸாகிவிட்டாள், நல்லவேளை, டியூஷன் எடுப்பவர்களுக்கு யாரும் மறுதேர்வு வைப்பதில்லை.