வெள்ளிக்கிழமை கட்டாத சோலைவரி

பரமட்டாவில் வீட்டுக்கடன் பத்திரத்தில் ஒப்பமிட்ட அன்று மேசையின் ஒரு பக்கம் நானும் என் மனைவி புவனமும், மறுபக்கம் கடன்சங்க மனேஜர். எங்கள் ஆட்கள் என்று வேறெவரும் இல்லை. என் தகப்பன், ஐயா, யாழ்ப்பாணத்தில்; வந்திருந்தாலும் பெருவிரலை மையில் தோய்த்திருப்பார், அவ்வளவுதான். நகரக் கவுன்சிலுக்குப் போகவேண்டிய வீட்டு வரியை, ஊரில் நாங்கள் சோலைவரி என்பதை, மாதத் தவணையோடு சேர்த்து வாங்கித் தாங்களே கட்டிவிடலாம், மாதம் ஒரு டொலர்தான் கட்டணம், புதிதாக வந்தவர்களுக்கு அதுவே சுலபம் என்றார் மனேஜர். நம் வரியை இன்னொருவர் கையால் கட்டுவிப்பதற்கு இந்த நாட்டில் வசதி என்று பெயர். நானே கட்டுவேன் என்றேன். ஒவ்வொரு முறையும் பற்றுச்சீட்டைக் காட்ட வேண்டும், ஒருமுறை பிந்தினாலும் வரி கட்டும் பொறுப்பைக் கட்டணத்தோடு சங்கமே எடுத்துக்கொள்ளும் என்று ஒரு நிபந்தனையை எழுதிச் சேர்த்தார்.

ஊரில் எங்கள் வீட்டுச் சோலைவரியைக் கட்டியவர் பக்கத்து வீட்டு வாத்தியார். எழுத்தறியாத ஐயா காசைக் கொண்டுபோய் அவர் வாசல் படலையில் நின்று கொடுப்பார். பற்றுச்சீட்டு வாத்தியாரின் அலுமாரியிலேயே இருக்கும். அந்த வாத்தியாரோடு வேலித் தகராறு வந்தபோது, எங்கள் காணிக்கான சீட்டுகள் எல்லாம் எதிராளியின் வீட்டில் இருந்தன. ஐயா இரண்டு முழம் நிலத்தை விட்டுக்கொடுத்தார். அதன் பிறகுதான் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்.

லிட்கமில் நாங்கள் வாங்கிய வீட்டுக்கு முதல் வரி வந்தது. தொழிற்சாலையில் சம்பளக் கவர் வியாழன் மாலை கையில் கிடைக்கும். வரிக்குக் கடைசி நாள் மறுநாள் வெள்ளி. காலையில் காசை எண்ணிச் சட்டைப்பையில் வைத்தேன். புவனம் குசினி வாசலில் வந்து நின்றாள். அவளுக்கு அப்போது ஏழு மாதம்.

"இஞ்சருங்கோ, வெள்ளிக்கிழமையும் அதுவுமா வீட்டுக் காசை வெளியில குடுக்கப் போறியளோ?"

"இண்டைக்குத்தான் கடைசி நாள்."

"திங்கக்கிழமை கொண்டுபோனா வேண்டாமெண்டு சொல்லுவினமோ? எங்கட அப்பாட்ட வரிக்காரன் ரெண்டு மாசமா வந்து வந்து போவான்."

"இது யாழ்ப்பாணமில்லை, புவனம்."

"ஓம், தெரியும். யாழ்ப்பாணமெண்டா இந்த வயித்தோட நான் தனியக் கிடப்பனே?"

வெள்ளியில் காசு படியிறங்கினால் வீட்டுக்கு ஆகாது என்பதை நான் நம்புகிறவன் இல்லை. ஆனால் துணிந்து பார்ப்பதற்கு அது நேரமும் இல்லை. காசைத் திரும்ப அலுமாரியில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

திங்கட்கிழமை கவுன்சில் கவுண்டரில் இருந்த பெண் எண்பத்தைந்து சதம் வட்டி சேர்த்தாள். வெள்ளியன்று நாங்கள் காசு வெளியே கொடுப்பதில்லை என்று ஆங்கிலத்தில் விளக்கினேன்.

"அப்படியா, உங்கள் கடை எங்கே இருக்கிறது?"

"கடை இல்லை. வீடு."

"வீட்டை வெள்ளிக்கிழமை மூடிவிடுவீர்களா?"

அவள் கேலி செய்யவில்லை; உண்மையாகவே கேட்டாள். பின்னால் வரிசையில் நின்றவர் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

மனேஜர் பற்றுச்சீட்டில் திகதியைத்தான் முதலில் பார்த்தார். "இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் ஆட்களுக்குத் தொடக்கத்தில் இது பிடிபடாது" என்று தோளில் தட்டினார். நான் ஒரு பட்டதாரி என்று சொல்ல வாயெடுத்தேன். தொழிற்சாலை உடுப்போடு நின்று அதைச் சொல்ல வரவில்லை. இனி வரியைச் சங்கமே கட்டும் என்ற தாளில் அவர் காட்டிய இடத்தில் ஒப்பமிட்டேன். என் ஒப்பம் வடிவானது, பள்ளிக்கூடத்தில் பழகியது.

மகள் சுகமாகப் பிறந்தாள். "பாத்தியளே, ஒரு குறையும் வரேல்ல" என்கிறாள் புவனம். இல்லைத்தான். சங்கம் எங்கள் கணக்கிலிருந்து காசெடுக்கும் நாள் சில மாதங்களில் வெள்ளிக்கிழமையில் வருகிறது. அதை அவளுக்கு நான் சொல்வதில்லை. கடன் இருபத்தைந்து வருடம். மாதம் ஒரு டொலர்ப்படி முந்நூறு டொலர். அன்றைய வட்டி எண்பத்தைந்து சதம்.